பேரரசின் நிழலும் தீவுகளின் வெயிலும்

பண்டைய இந்திய நாகரிகத்தின் எழுச்சி என்னும் தலைப்பிற் பாடசாலைகளிலே கற்பிக்கப்படும் கதைக்கு ஒரு நிலைத்த வடிவம் உண்டு. சிந்துவெளியிலே தொடங்கி, கங்கைக் கரைக்கு நகர்ந்து, மகதத்திலே முடிசூடி, அசோகன் காலத்தில் உச்சம் பெற்று, குப்தர் காலத்திற் ‘பொற்கால’மாகி நிறைவுறும் கதை அது. அக்கதையிலே தென்னகம் ஓர் அனுபந்தம். ஈழம் அவ்வனுபந்தத்தின் அடிக்குறிப்பு. ஈழத்தின் வடபாற் சிதறிக் கிடக்கும் தீவுகளோ அடிக்குறிப்பிலும் இடம் பெறாதவை. புங்குடுதீவின் மடத்துவெளியிலோ இறுப்பிட்டியிலோ பிறந்து உயர்தர வகுப்பில் வரலாறு பயிலும் மாணவன் பாடலிபுத்திரத்தின் மரமதில்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதக் கற்கிறான். தன் வளவிற் கிணறு வெட்டும்போது பழைய ஓட்டுத்துண்டு ஒன்று கிளம்பினால் அதனை என்ன செய்வது என்று அவனுக்கு எவரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

நாகரிகம் என்பது பேரரசினால் ஆக்கப்பட்டு விளிம்புகளுக்கு வழங்கப்படும் ஒரு கொடை என்ற எண்ணமே இக்கதையின் அடிநாதம். அவ்வெண்ணம் சான்றுகளோடு பொருந்துவதன்று. அது தீங்கற்ற பிழையுமன்று.

இக்கதை எங்கிருந்து வந்தது என்று முதலிற் கேட்டல் வேண்டும். 1904ஆம் ஆண்டிலே, இந்தியாவில் ஆங்கில ஆட்சி அலுவலராகப் பணியாற்றியிருந்த வின்சென்ற் சிமித் இந்தியாவின் பூர்வ வரலாற்றை ஒரு பெருநூலாக வெளியிட்டார். இந்தியாவில் இரண்டாண்டளவே தங்கிய அலெக்சாந்தரின் படையெடுப்புக்கு அந்நூல் ஒதுக்கிய இடம் வியப்புக்குரியது. பேரரசு நிலவிய காலங்கள் ஒளிக்காலங்கள், அது சிதைந்த காலங்கள் இருட்காலங்கள் என்பதே அவர் கைக்கொண்ட முறை. ஹர்ஷனின் மறைவுக்குப் பின் நேர்ந்த பிளவுகளைச் சுட்டி, பிரித்தானியரின் கை விலகுமாயின் இந்தியா மீண்டும் அந்நிலையையே எய்தும் என எச்சரிக்கவும் அவர் தயங்கவில்லை. அவ்வாறாயின் அந்நூலின் உள்நோக்கம் விளக்கம் வேண்டாதது. விந்தை யாதெனில், அவரை மறுக்க எழுந்த தேசியவாத வரலாற்றாசிரியர்களும் அவருடைய அளவுகோலையே தம் கையில் எடுத்துக்கொண்டமையாகும். ‘எங்களுக்கும் பேரரசுகள் இருந்தன’ என்று அவர்கள் விடையிறுத்தனர். பேரரசு இருந்தாற்றான் பெருமையா என்ற வினாவை எழுப்பியோர் மிகச் சிலர். கோசம்பி 1956இல் வெளியிட்ட நூலிலே அரசர் பெயர்ப் பட்டியலை ஒதுக்கிவிட்டுக் கலப்பையையும் இரும்பையும் உழைப்பையும் வரலாற்றின் நடுவில் வைத்தமை அவ்வகையிற் பெருந் திருப்பமாகும். ஆயினும் அத்திருப்பம் பாடநூல்களை எட்டியதாகத் தெரியவில்லை.

சிந்துவெளி தொடர்பாகவே பேரரசுக் கதை முதலில் இடறுகின்றது. ஹரப்பாவில் 1921இலும் மொஹெஞ்சதாரோவில் 1922இலும் அகழ்வுகள் தொடங்கின, ஏறத்தாழ கி.மு. 2600 முதல் கி.மு. 1900 வரை செழித்திருந்த நகரங்கள் வெளிப்பட்டன. வடிகால்கள் இருந்தன, ஒரே சீரான எடைக்கற்கள் பரந்த நிலப்பரப்பெங்கும் வழங்கின, செங்கற்களின் அளவில் ஒழுங்கு இருந்தது. அரண்மனை என்று ஐயமின்றிக் காட்டத்தக்க கட்டடமோ, எகிப்திலும் ஊரிலும் கண்டது போன்ற அரச கல்லறையோ கிடைக்கவில்லை. நூறாண்டு தேடியும் கிடைக்காத அரசனுக்காகக் காத்திருப்பதிலும் பார்க்க, அவனில்லாமல் அந்நகரங்கள் எவ்வாறு இயங்கின எனக் கேட்பதே ஆய்வு முறையாகும்.

அந்நகரங்களிலே சங்கு அறுத்து வளையல் செய்யும் தொழில் சிறந்திருந்தது. குசராத்தின் நாகேசுவரத்திலே அத்தொழிலுக்கென்றே அமைந்த ஒரு குடியிருப்பு அகழப்பட்டுள்ளது. அச்சங்கு அப்பகுதிக் கடலில் எடுக்கப்பட்டதேயன்றிப் பாக்குநீரிணையிலிருந்து போனதன்று. ஆனால் இனம் ஒன்றே. யாழ்ப்பாணத்துத் தீவுகளைச் சூழ்ந்த ஆழங்குறைந்த கடலிலும் மன்னார்க் குடாவிலும் வாழ்வதும் அதே இனச் சங்குதான். ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் இக்கடலிற் குளித்தெடுத்த சங்கு கப்பலேறி வங்காளம் சென்றது. அங்கே மணமான பெண்களின் கைவளையாயிற்று. ஜேம்ஸ் ஹோர்னெல் 1914இல் இந்தியச் சங்கைப் பற்றி எழுதிய நூல் இவ்வணிகத்தை விரிவாகப் பதிவு செய்துள்ளது. சங்ககாலத்திலும் இத்தொழில் அறியப்படாததன்று. வேள்வி செய்யாத பார்ப்பான் ஒருவன் வாளரத்தாற் சங்கறுத்த செய்தி அகநானூற்றில் வருகின்றது.

இங்கேதான் மகதம் வரவேண்டும். கங்கைச் சமவெளியின் நெல்வளமும், சோட்டா நாகபுரிப் பக்கத்து இரும்பும், ஆற்றுவழிப் போக்குவரத்தும் பிம்பிசாரன், அஜாதசத்துரு முதலியோரின் கையிலே ஒருங்குசேர, நந்தருக்குப் பின் கி.மு. 321 அளவிற் சந்திரகுப்தன் மோரியப் பேரரசை நிறுவினான். இதனை எல்லாப் பாடநூலும் கூறும். கூறாதது ஒன்று உண்டு. 1905இல் ஏட்டுப்பிரதியாகக் கிடைத்து 1909இல் மைசூரில் அச்சேறிய அர்த்தசாத்திரத்திலே, வணிகவழிகளில் எது சிறந்தது என்ற விவாதம் வருகின்றது. இமயத்தை நோக்கிய வடவழியே சிறந்தது என்பர் பழைய ஆசிரியர். கௌடிலியர் அதனை மறுக்கிறார். கம்பளமும் தோலும் குதிரையும் நீங்கலாக, சங்கு, வைரம், மாணிக்கம், முத்து, பொன் ஆகியன தென்வழியிலேயே மிகுதி என்பது அவர் தரும் காரணம். பட்டியலின் தலையில் நிற்பது சங்கு என்பது மனங்கொள்ளத்தக்கது. அந்நூலின் இன்றைய வடிவம் மோரியருக்குப் பிற்பட்டது என்பாரின் கருத்தை ஏற்றுக்கொண்டாலும் வாதம் தளராது. பேரரசைப் பற்றிச் சிந்தித்தோர் எதனை நாடித் தெற்கே நோக்கினர் என்பதே ஈண்டு வினா. முத்தும் சங்கும் பாடலிபுத்திரத்தில் விளைவனவல்ல. மூச்சடக்கிக் கடலடியிலே இறங்கியவன் எந்தப் பேரரசின் குடியுமல்லன். அவனுக்குக் கடலையும் காற்றையும் கற்பித்த பேரரசு ஏதுமில்லை. ஆனால் அவன் எடுத்த பொருளில்லாமற் பேரரசின் கருவூலப் பட்டியல் நிறைவுறவில்லை.

அசோகனின் சாசனங்களையே சான்றாகக் கொள்வோர் அவற்றை முழுமையாகப் படிப்பது நன்று. இரண்டாம், பதின்மூன்றாம் பாறைச் சாசனங்கள் சோழர், பாண்டியர், தாம்பிரபருணி ஆகிய பெயர்களைத் தருகின்றன. இரண்டாவது சத்தியபுத்திரர், கேரளபுத்திரரையும் சேர்க்கின்றது. எல்லையில் உள்ளோர், அயலார் என்ற நிலையிலேயே அவர்கள் வைக்கப்பட்டுள்ளனர், குடிகளாக அல்லர். பேரரசின் உச்சக்கட்டத்திலே, பேரரசனே தன் வாயால், தன் ஆட்சிக்குப் புறத்தே முறையான அரசியற் சமுதாயங்கள் உண்டு என ஒப்புக்கொண்ட ஆவணம் இது. இதனைப் பேரரசின் விரிவுக்குச் சான்றாகக் காட்டும் வரைபடங்கள் இன்னும் வகுப்பறைச் சுவர்களிற் தொங்குகின்றன. கலிங்கத்தில் ஓரிலட்சம் பேர் கொல்லப்பட்டனர், ஒன்றரை இலட்சம் பேர் நாடுகடத்தப்பட்டனர் என்று கூறும் சாசனமும் அந்தப் பதின்மூன்றாவதுதான். அவ்விரக்கச் சாசனம் கலிங்கத்திற்குள் அமைந்த தௌலியிலும் ஜௌகடாவிலும் பொறிக்கப்படாமல் விடப்பட்டது. அங்கே வேறு சாசனங்கள் இடப்பட்டன. வென்றவனின் துயரம் தோற்றவனின் காதிற் படாமற் பார்த்துக்கொண்ட நிருவாகத் திறமை அது. ரொமிலா தாப்பர் 1961இல் அசோகனைப் பற்றி எழுதிய நூலுக்குப் பின், 1980களில் மோரிய ஆட்சியை மீள நோக்கியபோது, தலைமைப் பகுதி, மையப் பகுதிகள், விளிம்புப் பகுதிகள் என வேறுபட்ட உறவுகளின் தொகுப்பாகவே அதனைக் கண்டார். எங்கும் ஒரே சீராகப் பரவிய ஆட்சி என்பது வரைபடத்தில் மை தீட்டியவரின் கற்பனையே.

இன்னுமொன்று. 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தை வாசித்தபோது ‘தேவானாம்பிய பியதசி’ யார் என்பது தெரிந்திருக்கவில்லை. ஈழத்துப் பாளி நூல்களை ஆராய்ந்த ஜோர்ஜ் டேணர் வழியாகவே அப்பெயர் அசோகனுக்குரியது என உறுதியாயிற்று. இந்தியா மறந்த பேரரசனை நினைவில் வைத்திருந்தது கடல் கடந்த தீவு.

எழுத்து வந்த கதையும் பேரரசின் கொடையாகவே நெடுங்காலம் சொல்லப்பட்டது: அசோகன் பிராமியைத் தந்தான், பிக்குகள் அதனைத் தெற்கே கொணர்ந்தனர், தென்னாட்டார் கற்றுக்கொண்டனர். அநுராதபுரத்திலே சிரான் தெரணியகலவும் பின்னர் கொனிங்ஹாமும் நடத்திய அகழ்வுகளில், அசோகனுக்கு முற்பட்டதாகக் காலங்கணிக்கப்பட்ட மண்படைகளிற் பிராமி பொறித்த ஓடுகள் கிடைத்தன. தமிழகத்திலே பொருந்தல், கொடுமணல், கீழடி ஆகிய இடங்களின் காலக்கணிப்புகளும் அதே திசையைச் சுட்டுகின்றன. இக்கணிப்புகளை ஏற்காத அறிஞரும் உளர். ஆயினும் ‘அசோகன் தந்தான்’ என்பதை நிறுவவேண்டிய பொறுப்பு இன்று அவ்வாறு கூறுவோர்மீதே விழுந்துள்ளது.

யாழ்ப்பாணத்திலேயே இதற்கு ஒரு பெருஞ்சான்று வெளிப்பட்டது. 1980இல் ஆனைக்கோட்டையிலே, பேராசிரியர் கா. இந்திரபாலாவின் தலைமையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் பெருங்கற்காலப் பண்பாட்டைச் சேர்ந்த ஈமக்குழியொன்றை அகழ்ந்தபோது சிறு முத்திரையொன்று கிடைத்தது. மேல்வரியிற் பழைய குறியீடுகள். கீழ்வரியிற் பிராமி எழுத்துகள். அவ்வெழுத்துகளிற் ‘கோ’ என்னும் தலைமைச் சொல் வாசிக்கப்பட்டுள்ளது. முழுச்சொல்லின் வாசிப்பைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. வாதத்திற்கு அது இன்றியமையாததன்று. கவனிக்கத்தக்கது இரு வரிகளும் ஒன்றன்மேலொன்றாக நிற்கும் நிலையே. தன் ஊரார் தலைமுறைகளாகப் பானையிற் கீறிவந்த குறிகளைக் கைவிடாது, அவற்றின் கீழே புதிய எழுத்தை இட்டுக்கொண்ட ஒரு சிறு தலைவன் அங்கே புதைக்கப்பட்டிருந்தான். அவன் பேரரசனல்லன். ஒரு சிற்றூர்த் தொகுதியின் தலைவனாக இருந்திருக்கலாம். எழுத்து அவனுக்கு மேலிருந்து இறங்கி வரவில்லை. தன் தேவைக்கு அவனே எடுத்துக்கொண்டான்.

மட்கலங்களும் இதனையே பேசுகின்றன. உட்புறத்திற் சிறு சக்கரங்கொண்டு வரிவரியாய்ப் புள்ளி அலங்காரம் இட்ட, றௌலெற்றட் என்று வழங்கும் நுண்ணிய கலம் கந்தரோடையிலும் கிடைத்துள்ளது. 1945இல் அரிக்கமேட்டை அகழ்ந்த வீலர் இதனை மத்தியதரைக் கடலிலிருந்து வந்த இறக்குமதி என்றார். உரோமப் பேரரசு இல்லாமல் இத்தகைய நேர்த்தி எங்கிருந்து வரும் என்பதே அதன் பின்னிருந்த நினைப்பு. 1970இற் கந்தரோடையிற் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் சார்பில் அகழ்வு செய்த விமலா பெக்லி, 1988இல் அக்கருத்தை மறு பரிசீலனைக்கு உட்படுத்தினார். 1997இல் விஸ்வாஸ் கோக்டே களிமண்ணின் கனிமக் கூறுகளை ஆராய்ந்து, வங்காளத்தின் சந்திரகேதுகர்–தம்லுக் பகுதியையே அதன் பிறப்பிடமாகக் காட்டினார். ஆக, உரோமருடையது என்று வாய்பிளந்து பார்க்கப்பட்ட கலம் வங்காளக் குயவனுடையது. அரைநூற்றாண்டாக அக்குயவனுக்குரிய பெயர் உரோமனுக்குப் போயிருந்தது. பேரரசு வாய்பாட்டினால் விளையும் தீங்கிற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. வங்காளத்துக் கலம் தெற்கே வந்த கடல்வழியிலேயே, வேறொரு காலத்திற் தீவகத்துச் சங்கு வடக்கே போயிற்று.

இவ்வளவும் கேட்டு மகிழக்கூடிய மற்றொரு சாராரும் உளர். அவர்களுக்கும் மறுப்பு உண்டு.

ஊர்ப்பெருமை பேசும் மலர்களையும் நினைவு வெளியீடுகளையும் புரட்டினால், நாகர் பேரரசு ஒன்று கடலை ஆண்டது, கடல்கொண்ட குமரிக்கண்டத்தின் எச்சமே இத்தீவுகள் என்ற கூற்றுகளைக் காணலாம். நயினாதீவே மணிமேகலையின் மணிபல்லவம் என்பது ஐயத்துக்கு இடமற்ற உண்மையாக எழுதப்படுகின்றது. மணிமேகலையிலும் மகாவம்சத்திலும் ஆசனம் ஒன்றன்பொருட்டு நாக அரசர் இருவர் பொருதும் கதை வருகின்றது உண்மையே. இரு இலக்கியங்களுக்கும் பொதுவான ஒரு மரபு இக்கடலோரங்களில் உலவியது என்பதே அதனாற் பெறப்படும். மகாவம்சம் கூறும் நாகதீபம் குடாநாடு முழுவதையும் குறித்தது என்பதற்கு வல்லிபுரத்துப் பொற்சாசனம் வலுவான துணை. காவியக் கதையிலிருந்து பேரரசைக் கட்டுவோர் சிமித்தின் மாணாக்கரே. அவர் மகதத்துக்குச் சூட்டிய முடியை இவர்கள் தம் தீவுக்குச் சூட்டப் பார்க்கின்றனர். முடியில்லாவிடிற் பெருமையில்லை என்ற எண்ணம் இருவர்க்கும் பொது.

புங்குடுதீவின் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். மகாவம்சத்தில் பியங்குதீபம் என்னும் பெயர் வருகின்றது. அங்குப் பிக்குகள் வாழ்ந்தனர் என அந்நூல் கூறும். இடைக்காலச் சிங்கள நூலாகிய நம்பொத்த, புவங்குதிவயின என்று ஒரு தீவைக் குறிக்கின்றது. வல்லிபுரப் பொற்சாசனத்தில் விகாரை எடுத்தவனின் பெயரோடு பியகுக என்னும் அடைமொழி ஒட்டியுள்ளது. புங்கமரத்தால் வந்த பெயர் என்பது ஊர்வழக்கு. இப்பெயர்களுக்கிடையே தொடர்பு இருத்தல் கூடும். அத்தொடர்பைக் கண்டதும் ஒரு சாரார் ‘எனவே இது சிங்கள மண்’ என்கின்றனர். மற்றொரு சாரார் பௌத்தம் என்ற சொல்லைக் கேட்டதும் சான்றையே மூடிவைக்கின்றனர். மணிமேகலை தமிழில் எழுந்த பௌத்தக் காப்பியம் என்பதை இரு சாராரும் ஒருங்கே மறந்துவிடுகின்றனர். ஒரு சமயம் ஓரினத்தின் முற்றுரிமை என்பது பிற்காலத்து அரசியல். அதனை இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னுள்ள மண்படையிலே தேடுதல் பொருந்தாது. (ஒல்லாந்தர் இத்தீவுக்கு மிடில்பேர்க் என்று தம் நாட்டு நகரொன்றின் பெயரை இட்டனர். நெடுந்தீவு மாத்திரமே அவர்கள் இட்ட டெல்ஃப்ற் என்னும் பெயரை இன்றும் சுமக்கின்றது. மிடில்பேர்க் ஆவணங்களோடு போயிற்று. பெயரிடுவது எளிது, ஊரார் வாயில் ஏறவேண்டுமே.)

அரசு இத்தீவுகளைக் கண்டுகொண்ட வேளை எத்தகையது என்பதற்கு நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிலுள்ள கல்வெட்டே சாட்சி. 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு தமிழிலே பொறிப்பித்தது அது. 1963இல் இந்திரபாலா அதனைப் பதிப்பித்தார். ஊறாத்துறைக்கு வரும் பிறநாட்டு வணிகருக்குப் பாதுகாப்புக் கூறிய பின், கப்பல் உடைந்தால் என்ன செய்வது என்று அது விதிக்கின்றது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலமாயின் காற்பங்கு அரச பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வணிகப் பண்டம் ஏற்றிவந்ததாயின் செம்பாதி. போருக்கு வேண்டிய விலங்கைக் கொணர்ந்தவனுக்குச் சலுகை, மற்றவனுக்குப் பாதி இழப்பு. பல்நாட்டு வணிகரும் தமிழை வாசிப்பர், அல்லது வாசிப்பாரைத் துறையிற் காண்பர் என்று சிங்கள மன்னன் கருதியமை அக்கடலின் வழக்குமொழி எதுவென்பதைக் காட்டுகின்றது. அரசின் விதி வருமுன்பே துறை இருந்தது. துறையை அரசு உண்டாக்கவில்லை, பங்கு கேட்டு வந்தது. 1977இல் அல்லைப்பிட்டியில் ஜோன் காஸ்வெல் கண்ட சொங் காலத்துச் சீன மட்கலங்கள் அத்துறையின் வீச்சைக் காட்டும். 2021இல் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றின் மின்திட்டம் சீன நிறுவனமொன்றுக்கு வழங்கப்பட, இந்தியா மறுப்புத் தெரிவிக்க, 2022இல் அது இந்திய உதவித் திட்டமாக மாறியமையைக் கண்டோர்க்கு, பெரிய அரசுகள் இத்தீவுகளை எப்போது நினைவுகூர்கின்றன என்பது புதிராயிராது.

இவையெல்லாம் ஏட்டு வாதங்களாகவே இருந்தாற் குற்றமில்லை. ஆனால் மண் காத்திருக்கவில்லை. 1991இற் புங்குடுதீவு மக்கள் ஏறத்தாழ முழுமையாக இடம்பெயர்ந்தனர். வீடுகள் கூரையிழந்தன; வளவுகள் பற்றையாயின. ஒரு காலத்திற் கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடைவைத்துப் பொருளீட்டி ஊரிற் பள்ளியும் கோயிலும் எழுப்பிய சமுதாயம் இன்று கனடாவிலும் ஐரோப்பாவிலும் பரந்து, அங்கிருந்து பணம் அனுப்புகின்றது. அப்பணத்தாற் கோயில்கள் புதுக்கப்படுகின்றன. பழைய சுண்ணக்கல் இடித்தகற்றப்பட்டுக் கொங்கிறீற்றுத் தூண்கள் எழுகின்றன. பெக்கோ இயந்திரம் ஒரு முற்பகலிலே அத்திவாரம் தோண்டி முடிக்கின்றது. தோண்டிய மண்ணிலே என்ன கிடந்தது என்று பார்ப்பதற்கு அதற்கு நேரமில்லை. உடன் நிற்பவர்க்கும் நினைவில்லை. கந்தரோடையும் ஆனைக்கோட்டையும் பெற்ற கவனத்தின் ஒரு சிறு பங்கையேனும் தீவகத்தின் மண் பெறவில்லை.

பயமும் ஒரு காரணம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் நிலத்தடியில் வெளிப்படும் தொல்பொருளை அரசுக்கு உரியதாக்குகின்றது. 2020இற் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைக்கென அமைக்கப்பட்ட சனாதிபதி செயலணியிலே தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இடம்பெறவில்லை. இந்நிலையில், பழைய ஓடு கிளம்பியது என்று அறிவித்தால் வளவே போய்விடும் என்று ஒரு குடும்பத்தார் அஞ்சுவதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அஞ்சி ஓட்டை மண்ணோடு சேர்த்து மூடுபவர், எந்தக் கதையை வெறுக்கிறாரோ அந்தக் கதைக்கே துணைபோகிறார். சான்றில்லாத ஊருக்கு வரலாற்றை வேறொருவர் எழுதிவிடுவார்.

வேண்டப்படுவது பெரும் அகழ்வன்று. ஊரதீவிலும் கேரதீவிலும் வல்லனிலும் பெருங்காட்டிலும் கோயில் தருமகர்த்தாக்கள் புதிய அத்திவாரத்துக்குக் கயிறு பிடிக்கும் முன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் மாணவர் இருவரை இரண்டு நாள் அழைக்கலாம். புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கங்கள், கோபுரத்துக்கு அனுப்பும் பணத்தில் ஒரு சிறு கூற்றை மேற்பரப்பாய்வுக்கென எழுதி அனுப்பலாம். ஓடு கிளம்பிய கிணற்றின் பெயர், எத்தனை முழ ஆழம், மணலா செம்மண்ணா சுண்ணக்கல்லா, ஓட்டின் உட்புறம் கறுப்பா சிவப்பா, கீறல் உண்டா இல்லையா என்ற ஐந்து குறிப்புகளை ஒரு கொப்பியிற் பதிந்து, அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுப்பதற்குப் பத்தாம் வகுப்பு மாணவனே போதும். அக்கொப்பி பாடசாலை நூலகத்தில் ஒன்றும் பல்கலைக்கழகத்தில் ஒன்றுமாக இருத்தல் வேண்டும். 1991 போன்றதோர் ஆண்டு மீண்டும் வருமாயின் ஒன்றாவது தப்பும்.